பழைய ஜெட் ஸ்கியில் பெட்ரோல் கோளாறு: தேடலை டேங்கில் தொடங்குக

கரையில் ஒரே அழுத்தலில் ஸ்டார்ட் ஆகும் பழைய ஜெட் ஸ்கி, நீரின் நடுவே வேகத்தைக் கூட்டியதும் திணறி நின்றுபோகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் வரும் பாதையில்தான் இருக்கும். எல்லாரும் முதலில் சந்தேகிப்பது கார்ப்பரேட்டரை. அதன் திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிப் பார்ப்பதில் நாள் கழிகிறது. ஆனால் டேங்கை விட்டுக் கிளம்பும் பெட்ரோல், கார்ப்பரேட்டரை அடைவதற்குள் நாலைந்து இடங்களைக் கடக்கிறது. அவற்றில் எது கெட்டாலும் எஞ்சின் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் திணறும். பெட்ரோல் வரும் திசையிலேயே ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்து, கார்ப்பரேட்டரைக் கடைசியில் திறப்பதே நேரமும் பணமும் மிச்சமாகும் வழி.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். உட்கார்ந்து ஓட்டும் ‘சீ-டூ’ வண்டியைக் கனடாவின் பொம்பார்டியர் நிறுவனம் 1968இல் வெளியிட்டுச் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. நின்றபடி ஓட்டும் வண்டியை ‘ஜெட் ஸ்கி’ என்ற பெயரில் கவாசாகி 1973இல் கொண்டுவந்தது. அந்தப் பெயரே பின்னர் இவ்வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் புழங்கத் தொடங்கியது. யமஹாவின் வேவ்ரன்னரும் 1988இல் மறுபடி வந்த சீ-டூவும் சேர்ந்து, 1990களில் வட அமெரிக்க ஏரிகளை இந்த வண்டிகளால் நிறைத்தன. 2002இல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வரத் தொடங்கும்வரை ஏறக்குறைய எல்லாமே டூ ஸ்ட்ரோக்தான். அவற்றுள் மிகப் பலவற்றில் இருப்பது ஜப்பானின் மிக்குனி நிறுவனம் செய்த டயாஃப்ரம் கார்ப்பரேட்டர். இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த வகை வண்டிகளைப் பற்றியது.

பெட்ரோல் குறைவதை வெறும் ‘ஸ்டார்ட் ஆகாத’ தொல்லையாக நினைக்கக் கூடாது. ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் நீரின் திசையை மாற்றித்தான் அது திரும்புகிறது. வேகமாகப் போகும்போது எஞ்சின் நின்றால் பீய்ச்சலும் நிற்கும். கைப்பிடியை எந்தப் பக்கம் வளைத்தாலும் வண்டி நேராகவே போகும். எதிரே படகோ நீந்துபவரோ இருந்தால் விலக வழியில்லை. இன்னொரு ஆபத்து எஞ்சினுக்கு. சிலிண்டருக்குள் பெட்ரோல் குறைந்து காற்று மிகும்போது வெப்பம் ஏறுகிறது. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் பழைய வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்துபோகும். முழு வேகத்தில் சில நிமிடம் இப்படி ஓடினால் போதும், பிஸ்டன் உருகி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்கள். சில நூறு ரூபாய் ஹோஸை மாற்றாமல் விட்டதற்கு எஞ்சினே விலையாகிறது. திணறும் வண்டியை ‘ஓடத்தானே செய்கிறது’ என்று தொடர்ந்து விரட்டுவதுதான் செய்யக்கூடிய தவறுகளில் மிகப் பெரியது.

பைக்கில் டேங்க் மேலே இருக்கும். பெட்ரோல் தன் எடையாலேயே கார்ப்பரேட்டருக்குள் இறங்கும். அங்கே ஒரு மிதவை அளவைப் பார்த்துக்கொள்ளும். அலையில் குதித்துக் கவிழவும் கூடிய ஜெட் ஸ்கியில் இந்த ஏற்பாடு செல்லாது. டேங்க் தாழ்வாக இருக்கிறது. பெட்ரோலை உறிஞ்சி எடுக்க வேண்டும். டேங்குக்குள் இறங்கும் இரண்டு குழாய்களில் நீளமானது ரிசர்வுக்கு, குட்டையானது சாதாரண ஓட்டத்துக்கு. அங்கிருந்து ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருப்பும் வால்வு. அடுத்து, நீரைப் பிரிக்கும் கிண்ணத்தோடு கூடிய ஃபில்டர். பிறகு கார்ப்பரேட்டரோடு ஒட்டிய சிறு பம்ப். இந்தப் பம்பை மின்சாரம் இயக்குவதில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் அழுத்தமும் உறிஞ்சலும் மாறி மாறி எழுகின்றன. ஒரு மெல்லிய குழாய் வழியே வரும் அந்தத் துடிப்பே பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை ஆட்டுகிறது. தேவைக்கு மேல் வரும் பெட்ரோல், திரும்பு குழாய் வழியாக டேங்குக்கே போய்விடுகிறது. கார்ப்பரேட்டருக்குள்ளும் மிதவை இல்லை. ஒரு டயாஃப்ரம், ஒரு நெம்புகோல், ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி வால்வு ஆகிய நான்கும் சேர்ந்து உள்ளே வரும் அளவைத் தீர்மானிக்கின்றன.

கைவைக்கும் முன் பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; மூடிய படகுடலின் அடியில் போய்த் தங்கும். காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆகவே இருக்கையைக் கழற்றி நன்றாகக் காற்றாட விட்டு, பேட்டரி இணைப்பை எடுத்த பிறகுதான் ஹோஸ்களைக் கழற்ற வேண்டும். வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றும்போது பிளக் ஒயர்களை எஞ்சின் உடலோடு தொடர்புபடுத்தி வைக்காவிட்டால், அங்கே தெறிக்கும் பொறி ஒன்றே ஆவியைப் பற்றவைத்துவிடும்.

கோளாறு பெட்ரோலில்தானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். புதிய பிளக் போட்டுப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும், கம்ப்ரஷன் அளப்பதும் அரை மணி நேர வேலை. அக்காலத்து சீ-டூ வண்டிகளின் ரோட்டாக்ஸ் இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் நல்ல நிலையில் சுமார் 150 பி.எஸ்.ஐ. கம்ப்ரஷன் இருக்கும். எண்ணைவிட முக்கியம், இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது. ஒன்றில் மட்டும் பெரிதாகக் குறைந்திருந்தால் பிஸ்டன் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது என்று பொருள். எத்தனை கார்ப்பரேட்டர் வேலை செய்தாலும் அது தீராது. பொறியும் கம்ப்ரஷனும் சரியாக இருந்தால், எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சில துளிகள் பிளக் துளை வழியே விட்டு, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஓரிரு நொடி சீறி ஓடி அணைந்துபோனால், எஞ்சின் நலமாக இருக்கிறது, அதற்குப் பெட்ரோல்தான் வரவில்லை என்பது தெளிவு.

இனி டேங்க். பல மாதம் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிச்சம் பிசினாகித் துளைகளை அடைக்கும். கெட்ட பெட்ரோலுக்கு வார்னிஷ் போன்ற புளித்த வாடை வரும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால், நீர் கலந்திருப்பது சிறிது நேரத்தில் அடியில் தனி அடுக்காகப் படிந்து தெரிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சிக்கல். எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 15 டிகிரி வெப்பத்தில் அரை சதவீத நீர்வரை தாங்கும். 40 லிட்டர் டேங்கில் அது வெறும் 200 மில்லி. அதைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடுகின்றன. பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது. இப்படிப் பிரிந்த பெட்ரோலுக்கு மருந்து ஊற்றிப் பயனில்லை; முழுவதையும் எடுத்துவிட வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், நீர் வந்த வழி பல சமயம் அதுதான்.

ஐந்து, பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்லத் திணறி நின்று, சற்று ஓய்வெடுத்ததும் மறுபடி ஓடும் வண்டியில் டேங்கின் காற்றுக்குழாயைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாதிருக்க, காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு அங்கே இருக்கிறது. அதில் உப்பு படிந்தோ பூச்சி கூடு கட்டியோ அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது; பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. திணறும் சமயத்தில் டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டாலே விடை கிடைத்துவிட்டது. வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தால், ஒரு பக்கம் தடையின்றிப் போய் மறுபக்கம் தடுக்க வேண்டும். வெயிலில் பெருகும் அழுத்தத்தை வெளியேற்ற வேறொரு வால்வும் உண்டு. அது கெட்டால் விளைவு நேர்மாறாகிப் பெட்ரோல் கார்ப்பரேட்டருக்குள் திணிக்கப்படும்.

அடுத்தது ஹோஸ்கள். பழைய வண்டிகளில் அதிகத் தொல்லை தருவது இந்த ரப்பர்தான். 1990களின் சீ-டூ வண்டிகள் பலவற்றில் ‘டெம்போ’ என்று அச்சிட்ட சாம்பல் நிற ஹோஸ்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. வெளிப்பார்வைக்கு அவை புதிதுபோல இருக்கும். உட்புறமோ ஆண்டுகள் போகப்போகச் சிதைந்து பச்சை நிறப் பிசினாகக் கரையும். அந்தப் பிசின் வழியிலுள்ள ஃபில்டரையும் ஏமாற்றிக் கடந்து, கார்ப்பரேட்டருக்குள் போய் அடைக்கும். கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிய சில வாரங்களில் அதே திணறல் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். சாம்பல் நிற ஹோஸ் ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். மாற்றுவதற்கு எத்தனாலைத் தாங்கும், பெட்ரோலுக்கென்றே செய்த 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் வேண்டும். கடையில் கிடைக்கும் தண்ணீர் டியூபோ சாதாரண பிளாஸ்டிக் டியூபோ உதவாது. ஒரு நேரத்தில் ஒரு ஹோஸை மட்டும் கழற்றி, அதே நீளத்தில் வெட்டி மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனால் இணைப்பு மாறாது. வரும் குழாயும் திரும்பும் குழாயும் இடம் மாறினால் கார்ப்பரேட்டரில் அழுத்தமே நிற்காது. திரும்பும் வழியில் பெட்ரோலை மட்டுப்படுத்தும் நுண்ணிய துளை இருப்பது அந்த அழுத்தத்தை நிறுத்தி வைக்கத்தான்.

அடைப்பைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது காற்றுக் கசிவு. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள பகுதி உறிஞ்சலில் இயங்குவதால், அங்கே விரிசல் விட்டால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இளநீர் உறிஞ்சும் குழலில் விரிசல் இருந்தால் வாய்க்குக் காற்று மட்டும் வருவது போலத்தான். எங்கும் ஈரமில்லை, வாடையில்லை என்பதற்காக ஹோஸ்கள் நன்றாக இருக்கின்றன என்று முடிவுகட்டக் கூடாது. காற்றுக்குழாயை அடைத்துவிட்டு, கைப்பம்பால் 5 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம் கொடுத்துச் சில நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. அழுத்தம் இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவ, குமிழி காட்டிக்கொடுக்கும்.

ஆன், ஆஃப், ரிசர்வ் வால்வு எளிய பொருள்தான், ஆனால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்தால் காற்றை இழுக்கும். பிசின் சேர்ந்தால் வழி குறுகும். ரிசர்வில் நன்றாக ஓடி ‘ஆன்’ நிலையில் மட்டும் திணறினால், குட்டைக் குழாயிலோ அதன் வலையிலோ கோளாறு இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் வால்வையே மாற்றிவிடுவது நல்லது. சுத்தம் செய்து மாட்டுவது அநேகமாக வீண் வேலை. நீர் பிரிக்கும் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் நீர்த்துளியோ பச்சைப் பிசினோ இருக்கிறதா என்று பார்த்து, வளையத்தைப் புதிதாகப் போட்டு மூடலாம். கிராங்க் கேஸிலிருந்து வரும் துடிப்புக் குழாயையும் மறந்துவிடக் கூடாது. அதில் மயிரிழை விரிசல் இருந்தால் பம்ப் முழு வீச்சில் ஆடாது. ஐடிலில் தாக்குப்பிடித்து வேகத்தில் பட்டினி கிடக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கார்ப்பரேட்டரைத் திறக்கலாம். மிக்குனி கார்ப்பரேட்டருக்குள் விரல்நுனி அளவே உள்ள வலை ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வெளி ஃபில்டரை மாற்றிவிட்டு இது இருப்பதே தெரியாமல் விடுபவர்கள் மிகப் பலர். பச்சைப் பிசின் கடைசியில் வந்து தேங்குவது இங்கேதான். இரட்டைக் கார்ப்பரேட்டர் வண்டியில் ஒன்றின் வலை மட்டும் அடைத்தால் ஒரு சிலிண்டர் மட்டும் வறண்டு வெந்துபோகும்; மற்றது இழுத்துக்கொண்டு போவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

எந்த வேகத்தில் திணறுகிறது என்பதை வைத்து எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஐடிலில் நிற்காமல், சோக் இழுத்தால் மட்டும் ஓடினால் லோ ஸ்பீட் ஜெட் என்ற பெட்ரோல் துளையிலோ, த்ராட்டில் தட்டுக்கு அருகே உள்ள ஊசிமுனைத் துளைகளிலோ அடைப்பு. முழு விசையில் மட்டும் சோர்ந்தால் ஹை ஸ்பீட் ஜெட்டையோ பெட்ரோல் வரத்தையோ பார்க்க வேண்டும். இடைப்பட்ட நிலையில், விசையைச் சட்டென்று கூட்டும்போது தயங்கினால் ஊசி வால்வு திறக்கும் அழுத்தம் பொருந்தவில்லை எனலாம். ‘பாப்-ஆஃப்’ எனப்படும் இந்த அழுத்தத்தை அளவுமானி பொருத்திய சிறு கைப்பம்பால் சோதிக்கிறார்கள். குறிப்பிட்ட அளவில் ‘டப்’ என்று திறக்க வேண்டும். அதற்குக் கீழே சொட்டும் கசியாமல் பிடித்து நிற்க வேண்டும். ஸ்பிரிங்கும் ஊசி இருக்கையின் அளவும் அதைத் தீர்மானிப்பதால், பழுது நீக்கும் கிட் வாங்கும்போது அந்த மாடலுக்குரியதைத்தான் வாங்க வேண்டும். இந்த ஒரு பொருளில் மலிவைத் தேடாமல் அசல் மிக்குனி கிட்டுக்கே பணம் கொடுப்பது நல்லது. பொருந்தாத டயாஃப்ரமும் ஊசியும் செய்த வேலையை மறுபடி செய்யவைக்கும். சுத்தம் செய்யும் ஸ்பிரேயை டயாஃப்ரங்களைக் கழற்றிய பிறகே அடிக்க வேண்டும். துளைகளைக் காற்றால் ஊதலாம், கம்பியால் குத்தக் கூடாது. துளை ஒரு நூலளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

மாட்டி முடித்ததும் கார்ப்பரேட்டரின் திருகுகளை மாடலுக்குரிய சர்வீஸ் புத்தக அளவில் வைத்துத் தொடங்க வேண்டும். முந்தைய உரிமையாளர் எங்கோ காற்று கசிவதை மறைக்க அவற்றைத் திறந்து வைத்திருக்கக்கூடும். முழு வேகத்தில் சற்று ஓட்டி, உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கலவை தெரியும். வெளிர்ப் பழுப்பு நலம். வெள்ளை வெளேர் என்றால் பெட்ரோல் பற்றவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் மிகுதி. ஓட்டும்போதே பெட்ரோல் வற்றுவதாகத் தோன்றினால், விசையை விடும் அதே கணத்தில் சோக்கை இழுப்பது பந்தய ஓட்டிகளின் பழக்கம். காய்ந்த சிலிண்டருக்கு அந்தக் கூடுதல் பெட்ரோல் உடனடிக் குளிர்ச்சி.

பெட்ரோல் மிகுவதும் கோளாறே. நிறுத்தி வைத்த வண்டியில் பிளக்குகள் நனைந்து, எஞ்சின் சுழலவே மறுத்தால், ஊசி வால்வு மூடாமல் கிராங்க் கேஸ் நிறைந்திருக்கலாம். அப்போது ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, ஒயர்களை எஞ்சின் உடலோடு தொடுக்க வைத்துச் சுழற்றி வெளியேற்றிய பிறகே ஊசியைக் கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்தியதும் வால்வை ‘ஆஃப்’ செய்யும் பழக்கம் இருந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

புதிய ஹோஸ்களில் காற்றே நிறைந்திருக்கும் என்பதால் முதல் ஸ்டார்ட்டுக்கு நேரமாகும். ஸ்டார்ட்டரைச் சில நொடி அழுத்தி, ஆறவிட்டு, மறுபடி அழுத்த வேண்டும். கரையில் தண்ணீரின்றிச் சில நொடிக்கு மேல் ஓட்டக் கூடாது. தண்ணீர் ஹோஸ் மூலம் குளிர்நீர் கொடுத்து ஓட்டுவதானால் முறை ஒன்றுதான்: எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்து பிறகு தண்ணீரைத் திறப்பது, தண்ணீரை மூடிய பிறகு எஞ்சினை நிறுத்துவது. மாற்றிச் செய்தால் புகைபோக்கி வழியே நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். உண்மையான சோதனை நீரில்தான், கரைக்கு அருகில், பாரத்தோடு.

1990களின் இறுதியில் இஞ்செக்‌ஷன் வண்டிகள் வந்தன. அவற்றில் சாவி போட்டதும் டேங்குக்குள் மின்பம்ப் ஓரிரு நொடி முனகும்; அந்தச் சத்தமில்லை என்றால் ஃபியூஸையும் பம்பையும் பார்க்க வேண்டும். குழாயில் 4 பார் அளவு அழுத்தம் நிற்கக்கூடும் என்பதால், அழுத்தத்தை வெளியேற்றாமல் இணைப்பைக் கழற்றுவது ஆபத்து. அளவுமானியும் மாடலின் சர்வீஸ் புத்தகமும் இல்லாமல் அவற்றில் கைவைக்க வேண்டியதில்லை.

கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் ஏரிகள் உறைவதால் வண்டிகள் பாதி ஆண்டு சும்மா கிடக்கின்றன. கோளாறுகள் விளையும் காலம் அதுவே. கிடத்தும் முன் பெட்ரோல் கெடாதிருக்க ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்ப்பரேட்டர்வரை போய்ச்சேரும்படி எஞ்சினைச் சற்று ஓட்டி நிறுத்துவது அங்குள்ள வழக்கம். அமெரிக்காவில் படகு எஞ்சின்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை. இந்தியாவில் 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. தூய பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று போதும் என்றால், இதற்குச் சுமார் 13.5 பங்குதான்; அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்ப்பரேட்டர் அதைத் தானாக ஈடுகட்டாது. நம் கடற்கரைகளில் ஓடும் பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் இந்தப் பெட்ரோலை ஊற்றுபவர் ஜெட்டுகளைச் சற்றுப் பெரிதாக்கி, பிளக் நிறத்தை அடிக்கடி பார்த்து, ஹோஸ்களையும் டயாஃப்ரங்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது டேங்கையும் கார்ப்பரேட்டரையும் காலிசெய்து வைப்பதே மேல்.